எருக்குழி நாற்றத்தை அளப்பதும் அடக்குவதும்: 10 முதல் 30 மாடு வைத்திருப்பவர்களுக்கு

20 கறவை மாடு கட்டினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கிலோ சாணி விழும். மூத்திரம் தனி, கொட்டகை கழுவிய தண்ணீர் தனி. எந்த இன மாடு வாங்கலாம், தீவனம் எங்கே மலிவு, பாலை யாருக்கு ஊற்றலாம் என்று சொல்லித்தர ஊரில் ஆள் இருக்கிறது. இந்த 400 கிலோவை நாறாமல் வைத்திருப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆளில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து மனு போய், விளக்கம் கேட்டு அலுவலகக் கடிதம் வந்த பிறகு நான் தேடிப் படித்ததும், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததும்தான் கீழே இருப்பவை. கடிதம் வருவதற்கு முன்பே நீங்கள் செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சொல்வதெல்லாம் கொங்குப் பக்கத்து நிலவரம். காற்றுத் திசை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாறும், மற்றவை எங்கும் பொருந்தும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எருக்குழியில் நாறுவது பெரும்பாலும் ஈரமும் மூத்திரமும். காய்ந்த சாணி அவ்வளவாக நாறாது. செலவு செய்யும் ஒவ்வொரு ரூபாயும் ஈரத்தைக் குறைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

1. முதலில் ஒரு வரைபடம் போடுங்கள்

தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் புலப்படத்தை (நில அளவுப் படத்தை) இறக்கிப் பெரிதாக அச்செடுங்கள். கொட்டகை, எருக்குழி, கழுநீர்த் தொட்டி, கிணறு, போர், ஓடை, பக்கத்து வீடுகள், பள்ளி, கோயில் எல்லாவற்றையும் குறியுங்கள். கைப்பேசி வரைபடத்தில் தூரம் அளந்து மீட்டரில் எழுதுங்கள். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதிலேயே காற்றையும் வரையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும், அப்போது குழிக்குக் கிழக்கே இருப்பவருக்கு நாற்றம் போகும். ஐப்பசிக்குப் பிறகு காற்று வடகிழக்கிலிருந்து திரும்பும், தென்மேற்கில் இருப்பவர் மூக்கைப் பிடிப்பார். ஆனால் ஆடிக் காற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பலமாக அடிப்பதால் நாற்றத்தைக் கலைத்துவிடும். உண்மையான தொல்லை மார்கழி, தை மாதங்களில் காற்றே அசையாத விடியற்காலையில்தான். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழும்பாமல், தண்ணீர் ஓடுவதைப் போலவே பள்ளத்தைத் தேடிப் போகும். குழியிலிருந்து கிளம்பும் வாடையும் அதோடு சேர்ந்து ஓடை வழியாக இறங்கி அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டு வாசலில் நிற்கும். அந்த வீட்டுக்காரர் பகலில் உங்கள் தோட்டத்துக்கு வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் தண்ணீர் தானாக வடியும் என்று தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் குழி வெட்டாதீர்கள். எல்லோரும் செய்வது அதுதான். மழைத் தண்ணீர் வந்து நிற்பதும் அங்கேதான், குளிர்காற்று வழிந்து போவதும் அங்கிருந்துதான். கொஞ்சம் மேடான, வெயில் விழும் இடமே நல்லது.

2. மூக்குப் பதிவேடு

இதற்குக் காசு செலவில்லை, ஆனால் மொத்த வேலையில் அதிகம் பயன்படுவது இதுதான். ஜெர்மனியில் பண்ணை நாற்றத்தை அளக்க மனித மூக்கையே கருவியாக வைத்து ஒரு முறை வகுத்திருக்கிறார்கள், 2016-இல் அது ஐரோப்பியத் தரமாகவும் வந்தது. ஓரிடத்தில் 10 நிமிடம் நிற்க வேண்டும். 10 விநாடிக்கு ஒரு மூச்சு இழுத்து, வாடை தெரிந்ததா இல்லையா என்று கோடு போட வேண்டும். மொத்தம் 60 மூச்சு. அதில் 6 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் அந்த வேளை 'நாற்ற வேளை'. அங்கே ஆண்டின் மொத்த நேரத்தில் நாற்ற வேளை எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள், குடியிருப்புப் பகுதிக்கு 10 சதவீதம் வரம்பு. நமக்கு அது சட்டமில்லை. ஆனாலும் 'எப்பப் பார்த்தாலும் நாறுது' என்ற பேச்சையும் 'எங்க பண்ணையில நாத்தமே இல்லை' என்ற பேச்சையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று நான்கு இடம் தேர்ந்தெடுங்கள்: குழியிலிருந்து 10 மீட்டர், உங்கள் வேலி, பக்கத்துத் தோட்ட வாசல், அருகிலுள்ள வீடு. விடியற்காலை ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

பார்ப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது, உங்கள் கொட்டகை ஆளாகவும் இருக்கக் கூடாது. நாள் முழுக்க அங்கே நிற்பவரின் மூக்கு பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வருபவர் வேண்டும். சளி பிடித்தவர், பீடி, வெற்றிலை பழக்கம் உள்ளவர், அப்போதுதான் காப்பி குடித்தவர் வேண்டாம். எனக்குக் கைகொடுத்தவர் பால் எடுக்க வரும் வண்டிக்காரர். கடைசியில் பார்த்தால் புகார் சொன்ன வீட்டுப் பையனையே கூப்பிட்டு நிற்க வைப்பதுதான் இன்னும் நல்ல யோசனை. அவர்கள் கையால் போட்ட கோட்டை அவர்களே மறுக்க முடியாது.

பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

'தை 5, காலை 5.50, கிழக்கு வேலி. காற்று இல்லை, பனி. 60-இல் 22. வலு 3. அழுகிய முட்டை. முந்தின நாள் மாலை கழுநீர்த் தொட்டி கலக்கியது.'

வலு என்பது 0 முதல் 5 வரை: 0 என்றால் ஒன்றுமில்லை, 5 என்றால் நிற்கவே முடியவில்லை. கடைசி இரண்டு விவரங்களை விட்டுவிடாதீர்கள். எந்த மாதிரி வாடை என்பதுதான் மருந்து எதுவென்று சொல்லும்.

கண்ணைக் கரிக்கும் காரம் அம்மோனியா. மூத்திரமும் சாணியும் கலந்து கிடக்கிறது என்று அர்த்தம், 4-வது படிக்குப் போங்கள். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. எங்கோ காற்றுப் புகாமல் ஊறிக் கிடக்கிறது, 6-வது படி. புளித்த, வாந்தி போன்ற வாடை என்றால் பாதி அழுகிய நிலையில் எழும் கொழுப்பு அமிலங்கள். எருவோடு தீவன மிச்சம் அதிகம் போகிறதா, சைலேஜ் (காற்றுப் புகாமல் ஊறவைத்த பசுந்தீவனம்) குழியிலிருந்து தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் எருக்குழி மேல் பழி போட்ட பல இடங்களில் குற்றவாளி சைலேஜ் தண்ணீர்தான். மழை பெய்த மண் வாசம் வந்தால் எரு மக்கிவிட்டது.

3. கருவி வாங்குவதற்கு முன்

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு. 2009-ஆம் ஆண்டின் தேசிய சுற்றுப்புறக் காற்றுத் தர அளவீட்டில் அம்மோனியாவுக்கு வரம்பு இருக்கிறது: 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 100. அந்த 400 மைக்ரோகிராமைக் கருவியில் தெரியும் அளவுக்கு மாற்றினால் சுமார் 0.57 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்). கடையில் கிடைக்கும் கையடக்க மீட்டர் பெரும்பாலும் 0 முதல் 100 பிபிஎம் வரை, ஒன்று ஒன்றாகக் காட்டும். அதை வேலியோரம் பிடித்தால் 0 என்று காட்டும், நீங்களும் சந்தோஷமாகப் படம் பிடித்து அனுப்புவீர்கள். அந்தப் படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

அந்த மீட்டர் எதற்குப் பயன்படும் என்றால், கொட்டகைக்குள், மாடு படுத்தால் மூக்கு இருக்கும் உயரத்தில் பிடித்துப் பார்க்க. விடியற்காலையில் அங்கே 10 பிபிஎம்மைத் தொட்டால் தரையில் மூத்திரம் தேங்குகிறது. அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் வேலை நேரச் சராசரிக்குச் சொல்லும் வரம்பு 25 பிபிஎம். அதற்குள் இருந்தாலும் மாட்டுக்கும் ஆளுக்கும் சுகமில்லை. நான் விசாரித்தவரை இத்தகைய மீட்டர் பத்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை இருக்கிறது. உள்ளிருக்கும் சென்சார் இரண்டு ஆண்டு தாங்கினால் பெரிது, கொட்டகையிலேயே தொங்கவிட்டால் அதற்கும் முன்பே போய்விடும். தனியாக வாங்காமல் நான்கைந்து பண்ணை சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலிக்கு வெளியே உள்ள அளவைக் காகிதத்தில் காட்ட வேண்டுமானால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகம்தான். அமிலக் கரைசல் வழியாகக் காற்றை இழுத்து, ஆய்வகத்தில் நிறம் வரவைத்து அளப்பார்கள். மூன்று விஷயத்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்: மாதிரி முழு 24 மணி நேரம் எடுக்கப்படும், இடம் காற்று போகும் திசையில் உள்ள வேலி, அன்றைய காற்றுத் திசையும் வேகமும் அறிக்கையில் வரும். பகல் 11 மணிக்கு வந்து இரண்டு மணி நேரம் எடுத்துவிட்டுப் போனால் அந்த அறிக்கை உங்களுக்கும் உதவாது, புகார் சொன்னவருக்கும் உதவாது. விடியற்காலை அதில் இருந்தே ஆக வேண்டும்.

நாற்றத்தையே அளக்கும் ஆய்வகமுறை ஒன்றும் உண்டு. காற்றைப் பையில் பிடித்து, தூய காற்றில் எத்தனை மடங்கு கலந்தால் மோப்பக் குழுவில் பாதிப்பேருக்கு மட்டும் தெரிகிறது என்று பார்ப்பார்கள். 30 மாட்டுப் பண்ணைக்கு அதில் பணம் போட வேண்டியதில்லை.

கண்டிப்பாக வாங்க வேண்டியவை மலிவானவை: பிஹெச் (அமில, காரத் தன்மை) பார்க்கும் தாள், நீளக் கம்பி வைத்த வெப்பமானி, காற்றுத் திசை பார்க்க ஒரு பாக்கெட் ஊதுபத்தி.

4. மூத்திரத்தையும் சாணியையும் பிரியுங்கள்

மூத்திரத்தில் யூரியா இருக்கிறது, சாணியில் அதை உடைக்கும் நொதி இருக்கிறது. இரண்டும் சேர்ந்த சில மணி நேரத்திலேயே அம்மோனியா கிளம்பத் தொடங்கிவிடும். சேராமல் பார்த்துக்கொண்டால் காரநெடியில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது.

தரைச் சரிவு 60-க்கு 1 இருக்க வேண்டும், அதாவது 10 அடிக்கு 2 அங்குலம். கொத்தனார் கண்ணளவில் போட்டுவிட்டுப் போவார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, தேங்காமல் வாய்க்காலுக்கு ஓடுகிறதா என்று பார்த்த பிறகு கூலி கொடுங்கள். வாய்க்கால் முடிவில் கம்பி வலை, அதைத் தாண்டி மூடியுள்ள தொட்டி அல்லது டிரம். இந்த மூத்திரத்தை வாரத்துக்கு இரண்டு முறை பாசனத் தண்ணீரோடு கலந்து விட்டுவிடலாம். பஞ்சகவ்யம், அமிர்தக் கரைசல் போடுபவர்கள் கேட்டு வாங்கியும் போவார்கள்.

சாணியைத் தண்ணீர் அடித்துத் தள்ளாதீர்கள். முதலில் மண்வெட்டியோ தள்ளுகட்டையோ வைத்துக் காய்ந்தபடி வாரி எடுங்கள், அப்புறம் கழுவுங்கள். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் குழிக்கு ஓட்டும் கொட்டகையில் வேறு எதைச் செய்தாலும் நாற்றம் போகாது. ஆளுக்கு அது சுலபம் என்பதால் நீங்கள் இல்லாத நேரத்தில் மறுபடியும் ஹோஸ் பைப்புக்குப் போய்விடுவார். அழுத்தப் பம்பு ஒன்று வாங்கிக் கொடுத்தால் குறைந்த தண்ணீரில் வேலை முடியும், ஆளும் ஒத்துக்கொள்வார்.

5. குழி எத்தனை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொழு உரத்துக்குச் சொல்லும் குழி 6 முதல் 7.5 மீட்டர் நீளம், 1.5 முதல் 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். தரைக்கு மேல் 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை குவித்து, சாணக் கரைசலும் மண்ணும் பூசி மூட வேண்டும். பூசிய பிறகு மக்க நான்கு, ஐந்து மாதம் ஆகும். 20 மாட்டுக்கு, அடுத்த படியில் சொல்வதுபோல் ஈரத்தைக் குறைத்துப் போட்டால், இப்படி ஒரு குழி ஏறக்குறைய ஒரு மாதத்தில் நிரம்பும். ஆக 6 குழி வேண்டும்: ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், மற்றவை மூடிக் கிடக்கும், மூத்த குழி அள்ளத் தயாராக இருக்கும்.

ஒரே பெரிய குழி வெட்டினால் எப்போதும் அது திறந்தே கிடக்கும். மக்கிய எருவின் மேல் தினமும் பச்சைச் சாணி விழும், அள்ளப் போகும்போது இரண்டும் கலந்து வரும். ஆறு சிறிய குழிக்கு ஜேசிபி வாடகை கொஞ்சம் கூடினாலும் அதுதான் லாபம். அடியில் களிமண் போட்டு மிதியுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் சிமென்ட் தளமே போட்டுவிடுங்கள். சுற்றிலும் ஓரடி உயர வரப்பு கட்டாயம்.

6. ஈரம்

பச்சைச் சாணியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர். அப்படியே குவித்தால் உள்ளே காற்று புகாது, அழுகும். காற்றோட்டத்தோடு மக்க வேண்டுமென்றால் ஈரம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கசிந்து, கையை விரித்தால் உருண்டை உடையாமல் நின்றால் சரி. தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

'வைக்கோல் கலக்குங்கள்' என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டால்தான் தலை சுற்றும். 82 சதவீத ஈரமுள்ள 100 கிலோ சாணியை 60-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 46 கிலோ காய்ந்த வைக்கோல் வேண்டும். 20 மாட்டுக்குத் தினமும் 180 கிலோவுக்கு மேல். மாட்டுக்குப் போடவே வைக்கோல் இல்லாத காலத்தில் இது நடக்கிற காரியமா?

வழி இருக்கிறது. அதே சாணியை ஒரு பகல் வெயிலில் உலர்த்தி ஈரத்தை 70 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், 100 கிலோ 60 கிலோவாகச் சுருங்கும். அதற்குத் தேவைப்படுவது 12, 13 கிலோ காய்ந்த பொருள்தான். 180 கிலோ செலவாக வேண்டிய இடத்தில் 50 கிலோவில் முடிந்துவிடும். 20 மாட்டுச் சாணியை ஒரு விரல் தடிமனில் பரப்ப 30 சதுர மீட்டர் சிமென்ட் களம் போதும், பழைய நெல் களம் இருந்தால் இன்னும் நல்லது. காலை 9, 10 மணிக்குமேல், வெயில் ஏறி காற்று மேலெழும்ப ஆரம்பித்த பிறகு பரப்புங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வாடை வரத்தான் செய்யும், ஆனால் அந்த நேரத்தில் அது கலைந்துவிடும். மாலை 4 மணிக்குள் வாரிக் குழியில் போட்டுவிடுங்கள்.

காய்ந்த பொருளுக்கு வைக்கோலையே நம்ப வேண்டாம். கடலைத் தோல், கரும்புத் தோகை, மக்காச்சோளச் சக்கை, தென்னை நார்க்கழிவு, சருகு எதுவும் ஆகும். நார்க்கழிவு வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், மில்லில் நனைந்தபடியே ஏற்றிவிடுவார்கள். தண்ணீருக்கு விலை கொடுத்து வாங்கித் தண்ணீரோடு கலந்தால் என்ன மிச்சம்? எதுவுமே இல்லாத நாளில் மூத்த குழியிலிருந்து எடுத்துக் காயவைத்த எருவைக் கலக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் களம் காயாது. அந்த இரண்டு மாதத்துக்கான காய்ந்த பொருளைச் சித்திரையிலேயே வாங்கிக் கூரைக்கடியில் அடுக்கிவிடுங்கள். மழையில் நனைந்த குழி முதல் வெயிலில் வீசும் வாடையும் கடுமையாக இருக்கும், அப்போதும் மனுக்கள் எழுதப்படும்.

சரியாகக் கலந்த குழி சில நாளில் சூடேறும். வெப்பமானிக் கம்பியை இரண்டடி ஆழம் சொருகினால் 55 முதல் 65 டிகிரி காட்ட வேண்டும். சூடு ஏறவே இல்லை, பிழிந்தால் ஒழுகுகிறது என்றால் மேல் பகுதியைப் பிரித்துக் காய்ந்த பொருள் சேர்த்து மறுபடி போடுங்கள்.

இந்த இடத்தில் பொடி விற்பவர்கள் வருவார்கள். நாற்றம் போக்கும் பொடி, கரைசல், வாசனைத் தெளிப்பு எல்லாம் உண்டு. சில கரைசல்கள் கொஞ்சம் உதவலாம், ஆனால் ஒழுகும் குழியை எந்தக் கரைசலும் காப்பாற்றாது. முதலில் களம், காய்ந்த பொருள். மிச்சப் பணம் இருந்தால் கரைசல். கீழே சொல்லும் மூன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

சுண்ணாம்பு: சுத்தம் என்று நினைத்து ஈர எருவின் மேல் தூவுகிறார்கள். சுண்ணாம்பு பிஹெச்சை ஏற்றும், ஏறினால் கரைந்து கிடக்கும் அம்மோனியா அப்படியே வாயுவாகக் கிளம்பும். அன்று சாயங்காலமே கண் எரியும். ஏற்கெனவே பிஹெச் 8-க்கு மேல் காட்டும் குழியில் தொடவே தொடாதீர்கள்.

பிளீச்சிங் பவுடர்: அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். மூத்திர வாய்க்காலில் போடவே கூடாது.

ஜிப்சம்: கொட்டகைத் தரையிலும் காய்ந்த எருவிலும் தூவினால் நல்லது. அம்மோனியாவை உப்பாக மாற்றிப் பிடித்து வைக்கும், எருவின் சத்தும் கூடும். சூப்பர் பாஸ்பேட்டும் அப்படியே. ஆனால் ஜிப்சத்தில் கந்தகம் இருக்கிறது. காற்றுப் புகாத கழுநீர்த் தொட்டிக்கோ சாண எரிவாயுக் கலனுக்கோ போனால் அந்தக் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகத் திரும்பி வரும். அமெரிக்காவில் மாட்டுப் படுக்கைக்கு ஜிப்சம் போட்ட பண்ணைகளின் சாணத் தொட்டிகளைக் கலக்கும்போது இந்த வாயு ஆபத்தான அளவுக்கு எழுவதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

7. மூடுவது

நிரம்பும் குழியில் தினமும் அன்றைய சாணியைப் போட்டதும் அதன் மேல் மக்கிய காய்ந்த எருவைப் பரப்புங்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள் மேலே வரும் வாடையைப் பிடித்துத் தின்றுவிடும். தார்ப்பாய் மழைக்கு மட்டும். எருவின் மேல் ஒட்டிப் போர்த்தினால் உள்ளே வேர்த்து ஊறும், அடியில் கம்பு கொடுத்து இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

கழுநீர்த் தொட்டியின் மேல் தானாகப் படியும் ஆடையைக் கலைக்காதீர்கள், அதுதான் மூடி. தண்ணீர் விழும் குழாயை மேலேயிருந்து கொட்டவிடாமல், முழங்கை இணைப்பு (எல்போ) போட்டு ஆடைக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

வேலியோரம் சவுக்கு, மலைவேம்பு இரண்டு மூன்று வரிசை வைத்தால் காற்றைக் கலைக்கும். பலன் தர சில ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் இன்றைய புகாருக்கு அது பதில் ஆகாது. ஆனால் குழி கண்ணில் படாமல் மறைந்தாலே பாதிப் பேருக்கு நாற்றம் குறைந்துவிடுகிறது.

8. கிளறுவதும் அள்ளுவதும்

காலை 10 முதல் மதியம் 3 வரை, காற்று ஓடும் வெயில் நாளில் மட்டும். ஞாயிறு வேண்டாம், கோயில் நோன்பி, கல்யாண நாள் வேண்டாம். முந்தின நாளே பக்கத்தில் சொல்லிவிடுங்கள்: 'நாளைக்குப் பத்து மணிக்கு எருக்குழி கிளர்றோமுங்க அண்ணா, துணி காயப்போட்டிருந்தா மத்தியானத்துக்கு மேல போட்டுக்கச் சொல்லுங்க.' இந்த ஒரு வாக்கியம் தடுத்த மனுக்கள் அதிகம். வயலில் கொட்டிய எருவை அன்றே உழுது மூடுங்கள், அம்மோனியா பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான் பறக்கிறது.

9. தொட்டிக்குள் இறங்காதீர்கள்

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டையாக மூக்குக்குத் தெரியும். 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைப்பீர்கள். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களிலும், 1,000-இல் ஓரிரு மூச்சிலும் ஆள் சாய்ந்துவிடுவார். நாள்பட்டுத் தேங்கிய கழுநீரைக் கலக்கும்போதுதான் இது மொத்தமாகக் கிளம்பும்.

கழுநீர்த் தொட்டியிலோ சாண எரிவாயுக் கலனிலோ யாரும் இறங்கக் கூடாது. வாளி விழுந்தாலும், பம்பு அடைத்தாலும் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து போவார், ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். வெளியே நின்றபடி 108, தீயணைப்புக்கு 101. கலக்கும் நாளில் மாட்டையும் ஆளையும் காற்று வரும் திசைப் பக்கம் நகர்த்திவிடுங்கள். சட்டையில் மாட்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடு எச்சரிக்கைக் கருவி 10 பிபிஎம்மில் அலறும்படி வைத்து ஒன்று வாங்குங்கள். அம்மோனியா மீட்டரா இதுவா என்றால் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

10. காகிதங்கள்

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் மாட்டுப் பண்ணை, கோசாலைகளுக்கான வழிகாட்டு நெறிமுறையை 2020-இல் வெளியிட்டு 2021-இல் திருத்தியது. திருத்திய பதிப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணிக்கை மாட்டுக்கு மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு (அனுமதி) வேண்டுமா, ஊராட்சிப் பதிவு மட்டும் போதுமா என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக 'வேண்டாம்' என்று சொன்னவர் மாற்றலாகிப் போன பிறகுதான் புகார் வரும்.

இசைவு தேவைப்பட்டால் இரண்டு கட்டம்: கட்டுவதற்கு முன் நிறுவ இசைவு, கட்டி முடித்தபின் இயக்க இசைவு. விண்ணப்பம் இணையவழி. பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், பட்டா, புலப்படம், நில வகைப்பாட்டுச் சான்று, சுற்றுப்புறத்தைக் காட்டும் வரைபடம், கட்டடத் தள வரைபடம், எருவும் கழுநீரும் எங்கே போகிறது என்ற விளக்கப்படம், முதலீட்டுக்கு ஆடிட்டர் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். கட்டணம் முதலீட்டு மதிப்பை வைத்துத்தான் நிர்ணயமாகிறது. நில விலை, கட்டடம், இயந்திரம் தனித்தனியாக இல்லாத ஆடிட்டர் சான்று திரும்பி வரும்.

புகார் இன்னொரு வழியிலும் வரலாம். பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் மனு போனால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) நிபந்தனை உத்தரவு வரும். சொன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், அல்லது நேரில் போய்க் காரணம் காட்ட வேண்டும். போகாமல் இருந்துவிடாதீர்கள், உத்தரவு உறுதியாகிவிடும். அன்றைக்குக் கையில் கொண்டுபோக வேண்டியவை: 1-வது படியின் வரைபடம், மூக்குப் பதிவேடு, தேதி தெரியும் குழிப் படங்கள், குழி நிரம்பிய மற்றும் அள்ளிய தேதிகள், எரு வாங்கியவர்களின் ரசீது, ஆய்வக அறிக்கை இருந்தால் அது. யாராவது வாய்மொழியாகக் குறை சொன்னாலும் பதிவேட்டில் தேதி போட்டு எழுதி, என்ன செய்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

11. எதை எப்போது

இன்று தொடங்கினால் முதல் வாரமே ஹோஸ் பைப்பை நிறுத்திவிடலாம், பதிவேட்டையும் திறந்துவிடலாம். காரநெடி சில நாளில் இறங்குவது தெரியும். களம் போட ஒரு மாதம். குழி வெட்டுவதைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் ஜேசிபி இறங்கினால் சேறுதான் மிஞ்சும். ஆறு குழிச் சுழற்சி சீராக ஓட அரை ஆண்டு ஆகும். ஆய்வகத்துக்குச் சொல்வதைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள், மோசமான காலத்தில் எடுத்த அளவு வரம்புக்குள் இருந்தால் மற்ற மாதங்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரிய செலவு களமும் குழித் தளமும். அதைப் பால் கணக்கில் பார்க்காதீர்கள், எருக் கணக்கில் பாருங்கள். ஒழுகும் சாணியை எடுத்துப்போக நீங்கள்தான் வண்டி வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். மக்கிய எருவுக்கு மஞ்சள், வாழை போடுபவர்கள் முன்பணம் கொடுத்து டிராக்டரோடு வருகிறார்கள். விலை பேசும்போது டிரெய்லர் கணக்கில் பேசாமல் எடை போட்டுக் கொடுங்கள், காய்ந்த எரு லேசாக இருப்பதால் டிரெய்லர் கணக்கு உங்களுக்கு லாபம் என்று வாங்குபவரும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.